முதுகுப் பக்கம் வைத்த பொங்கல்

கருவாட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் ரகசியமாகப் பயணம் போக முடியாது. தூத்துக்குடியில் பாலித்தீன் பை மேல் பையாகப் போட்டு, அதன்மேல் செய்தித்தாள் சுற்றி, அதற்கும் மேல் என் பழைய நைட்டி ஒன்றைச் சுற்றித்தான் கொண்டுவந்தேன். ராத்திரி முழுக்க ரயிலில் சாதுவாக இருந்த நெத்திலி, தருமபுரியில் டவுன் பஸ் ஏறியதும் வாயைத் திறந்துவிட்டது.

கண்டக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். "யாருங்க மீன் வெச்சிக்கினு வர்றது?"

நான் ஜன்னல் வழியாக மாந்தோப்புகளை ரசிக்கத் தொடங்கினேன். பின் சீட்டில் இரண்டு பெண்கள் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பக்கத்தில் தக்காளிக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாவிடம் என்னவென்று கேட்டேன். "பொம்பளைங்களுக்குத்தான் டிக்கெட் இல்லன்னாங்க, மீனுக்கும் இல்லியான்னு கேக்கறாங்க" என்று அவர் மொழிபெயர்த்துவிட்டு, தானும் சிரித்தார். அதற்குப் பிறகு ஒளிக்க என்ன இருக்கிறது? பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

இண்டூர் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. முன்னால் போன மாங்காய் லாரியின் கயிறு அவிழ்ந்து, சாலை முழுக்க மாங்காய். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். அவரைத் தொடர்ந்து கண்டக்டர், கன்னடப் பெண்கள், தக்காளி அம்மா, நான். எல்லோரும் குனிந்து பொறுக்கிப் பொறுக்கி லாரியில் போட்டோம். எங்கள் ஊரில் மீன் வண்டி சாய்ந்தால் முதலில் காக்கா வரும், அப்புறம் பூனை, மூன்றாவதாக நாங்கள் வருவோம். ஆனால் யாரும் வண்டிக்குத் திருப்பிப் போட்டதாக எனக்கு நினைவில்லை. லாரிக்காரர் ஆளுக்கு இரண்டு மாங்காய் கொடுத்து, "கெளம்புங்க சாமி, கெளம்புங்க" என்று கும்பிட்டார்.

நான் போனது என் தங்கை மகள் சரண்யாவைப் பார்க்க. பென்னாகரம் போகிற வழியில், ஒரு பழைய கோட்டை மேடும் அதை ஒட்டிய ஏரியும் சேர்ந்த இடத்தை வேலி போட்டுப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். அங்கே நிற்கும் நடுகற்களில் சில அங்கேயே பிறந்தவை, சில சுற்றுவட்டார நிலங்களிலிருந்து கொண்டுவந்து நட்டவை. ஊர்க்காரர்கள் சிலரும் பள்ளிக்கூட வாத்தியார்கள் சிலரும் சேர்ந்து மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் அங்கே நிகழ்ச்சி நடத்துகிறார்கள். விடிந்ததும் பறவை பார்த்தல், வெயில் ஏறுமுன் கல் பார்த்தல், அப்புறம் எல்லோருமாக உட்கார்ந்து சாப்பாடு. இதற்கெல்லாம் ஓடியாடி வேலை செய்வது சரண்யா. விலங்கியல் படித்த பெண். "பெரியம்மா, இந்த மாசம் வந்துதான் ஆகணும்" என்று ஒரு வாரமாக போனில் நச்சரித்தாள்.

அவள் குடியிருப்பது மாதம்மாள் வீட்டு மாடி அறையில். மாதம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். வாசலிலேயே என் பையைப் பார்த்து, "கருவாடா? உள்ள வாங்க, வாங்க. ரொம்ப நாளா நம்ம வூட்டுக்கு நல்ல விருந்தாளியே வரல" என்றார். என்னைச் சொன்னாரா நெத்திலியைச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது.

அன்று ராத்திரி ராகிக் களியும் மொச்சைக்கொட்டைக் குழம்பும், பக்கத்தில் என் நெத்திலி வறுவலும். நான் களியைப் பிட்டு வாயில் போட்டு மென்றேன். மாதம்மாள் தட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"களியக் கடிக்கக் கூடாதுங்க. கடிச்சா அதுக்குக் கோவம் வந்து பல்லப் புடிச்சுக்கும். குழம்புல தோய்ச்சு அப்படியே வுட்டுருங்க, அது வழி அதுக்குத் தெரியும்."

விட்டேன். அதற்கு வழி தெரிந்திருந்தது.

எதிரே கட்டிலில் அவர் மகன் மாதேஷ் உட்கார்ந்து சாப்பிட்டான். பக்கத்தில் கைத்தடி. பெங்களூரில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே வேலை செய்யுமோ செய்யாதோ என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்த நாட்கள் உண்டாம். அப்போது மாதம்மாள் பூங்காவில் இருக்கும் வேடியப்பனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறார். மாடு மீட்கப் போய் அம்பு வாங்கிச் செத்த ஒரு வீரனின் கல் அது. இந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட கல்லைத்தான் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். மகன் தடி இல்லாமல் தன் காலால் நடந்து வந்து கல்லைச் சுற்ற வேண்டும், அன்றைக்கு வேடியப்பன் காலடியில் பொங்கல் வைக்க வேண்டும் என்பது வேண்டுதல். இப்போது கொஞ்ச தூரம் மெல்ல மெல்லத் தடியில்லாமல் நடக்கிறான். மேஸ்திரி உட்கார்ந்து பார்க்கிற வேலையாக ஒன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை பெங்களூர் போயாக வேண்டும். ஆகவே பொங்கல் ஞாயிற்றுக்கிழமை. பூங்கா நிகழ்ச்சியும் அன்றே இருப்பதால், மாதம்மாள் வைக்கிற பொங்கலையே அன்றைய ஊர்ச் சாப்பாட்டோடு சேர்த்துவிட்டாள் சரண்யா.

"சாமிக்கிட்ட வாய் குடுத்தா கொள்ளிக்கட்டய மடியில கட்டுனாப்பல. சீக்கிரம் எறக்கி வெச்சுடணும்" என்றார் மாதம்மாள்.

மறுநாள் காலையில் சரண்யா என்னைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். மேட்டின் உச்சியில், திறந்த வெளியில், என் நெஞ்சு உயரத்துக்கு நிற்கிறது வேடியப்பன் கல். ஒரு கையில் வில், இடுப்பில் குறுவாள், நெஞ்சில் தைத்த அம்புகள், காலுக்குக் கீழே இரண்டு மாடு. செத்துக்கொண்டிருக்கிறவனின் முகம் என்று சொல்ல முடியாது. சந்தைக்குப் போய் வந்து களைத்தவன் மாதிரி இருந்தான்.

நாங்கள் பக்கத்தில் போனதும் இரண்டு ஆள்காட்டிக் குருவிகள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றின. சரண்யா சட்டென்று என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அசையாதிய பெரியம்மா. கால் பக்கத்துல பாருங்க."

கல்லுக்கு நேர் முன்னால், வெறும் தரையில், கூடு என்று சொல்ல ஒரு துரும்பும் இல்லாமல், சரளைக்கற்களுக்கு நடுவே நான்கு முட்டை. சரளை மாதிரியே நிறம், சரளை மாதிரியே புள்ளி. இன்னும் ஓரடி வைத்திருந்தால் ஆம்லெட்.

"ஞாயித்துக்கெழம இந்தத் தரையில எத்தன பிள்ளையள் ஓடும் தெரியுமா?" என்று தலையில் கை வைத்தாள் சரண்யா.

பெரிய கற்களாகப் பொறுக்கி முட்டைகளுக்கு எட்டத்தில் ஒரு வட்டம் வைத்தோம். ஆனால் சரளை நடுவில் கல்வட்டம் கண்ணுக்கே தெரியவில்லை. பூங்காக் கொட்டகையில் சாலையோர மரங்களுக்கு அடித்த சுண்ணாம்பும் காவியும் மீதி இருந்தன. கற்களை அங்கே எடுத்துப்போய், வெள்ளை ஒன்று காவி ஒன்று என்று மாற்றி மாற்றி அடித்துக் காயவைத்துத் திரும்பக் கொண்டுவந்து வைத்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்று இருந்தது. "இப்போ குருடனுக்கும் தெரியும்" என்றேன் நான். இருவரும் மன நிறைவோடு வீட்டுக்கு வந்து மாங்காய்ப் பச்சடி சாப்பிட்டோம்.

சனிக்கிழமை காலை போய்ப் பார்த்தபோது, குருடனுக்கும் தெரிந்துதான் இருந்தது. வட்டத்தைச் சுற்றி அரளிப்பூ. வடக்கே ஒரு எலுமிச்சம்பழம், கிழக்கே இன்னொன்று. ஒரு கல்லின்மேல் கற்பூரம் எரிந்த கறுப்பு. வேடியப்பனுக்கும் புதிதாக எண்ணெயும் மஞ்சளும் தடவி, மஞ்சள் துணி கட்டியிருந்தது. காவியும் வெள்ளையும் கண்ட ஊர் சும்மா இருக்குமா? ஏரிக்கு மாடு ஓட்டி வந்த ஒரு பெண், சொம்புப் பாலோடு வட்டத்தின் ஓரத்தில் நின்று கண்ணை மூடியிருந்தார்.

"ஊத்தாதீங்க! ஊத்தாதீங்க!" என்று சரண்யா ஓடினாள்.

"ஏம் பாப்பா? புது சாமி மொளச்சிருக்குதுன்னாங்க."

"சாமி இல்லீங்க, முட்டைங்க!"

அந்தப் பெண் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "முட்டையா எந்திரிச்சிருக்குதா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவருக்கு விளக்கிப் பாலைத் திருப்பி அனுப்புவதற்குள் சரண்யாவுக்கு அழுகை வந்துவிட்டது. குருவிகள் இரண்டும் ஏரிக்கரையில் நின்று ஓயாமல் கத்தின. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் இடத்தைக் கூட்டி மெழுக மாதம்மாள் விளக்குமாறும் சாணிக் கூடையுமாக வந்தார். பின்னால் தடியை ஊன்றி மாதேஷ். அவர்களோடு பூசாரி சின்னசாமி. நெற்றி நிறைய விபூதி, சட்டைப் பையில் செல்போன்.

பூசாரி வட்டத்தைப் பார்த்து இடுப்பில் கை வைத்தார். "எனக்குத் தெரியாம எங்க ஊருக்கு எந்தச் சாமிம்மா வந்துச்சு? யார்ட்ட உத்தரவு வாங்குச்சு?"

சரண்யா நடந்ததைச் சொன்னாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஆள்காட்டியா! வானம் வுழுந்துடும்னு ராவெல்லாம் காலத் தூக்கிக்கினு தூங்கற கழுதையாச்சே அது. அதுக்கா எலுமிச்சம்பழம்?"

மாதம்மாள் சிரிக்கவில்லை. முட்டைகளைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். "அடுப்புக்கல்லு இங்கதான வரணும்" என்றார்.

"அதாங்க்கா சொல்ல வந்தேன்..." என்று சரண்யா இழுத்தாள். "இன்னும் கொஞ்ச நாள்ல பொரிஞ்சிடும். அடுப்பை மட்டும் தள்ளி, அந்தப் புளியமரத்துக்கிட்ட..."

"காலடியிலன்னு வேண்டிக்கினேன் பாப்பா. புளியமரத்தடியிலன்னு வேண்டிக்கல."

"அம்மா, கொஞ்சம் தள்ளி வெச்சா என்னாயிடும்?" என்றான் மாதேஷ்.

மாதம்மாள் மகன் பக்கம் திரும்பினார். "நீ வுழறப்ப கொஞ்சம் தள்ளி வுழுந்தியா? வேடியப்பன் புடிக்கறப்ப கொஞ்சம் தள்ளிப் புடிச்சானா?"

சரண்யா தரையைப் பார்த்தாள். ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக இருப்பவர்கள், ஒருவர் சட்டியில் ஒருவர் சாப்பிடுகிறவர்கள், அந்த வட்டத்துக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. முட்டையை எடுத்துத் தள்ளி வைக்கலாமே என்று நான்தான் கேட்டேன். தள்ளி வைத்தால் குருவி தேடி வராது என்றாள் சரண்யா. என் யோசனை அத்தோடு முடிந்தது.

பூசாரி தொண்டையைக் கனைத்தார். "நாம ஏன் பேசிக்கினு? அவனையே கேட்டுருவம். பூ வெக்கறேன். வலது பக்கம் வுழுந்தா அடுப்பு இங்கியே. எடது பக்கம் வுழுந்தா புளியமரம். ஒத்துக்கறீங்களா?"

ஒத்துக்கொண்டார்கள். பூசாரி ஒரு வெள்ளை அரளியை எடுத்துக் கல்லின் நெற்றியில் வைத்தார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பூ விழவில்லை. இன்னும் நின்றோம். விழவில்லை. விடியற்காலையில் புது சாமிக்கு வந்த கூட்டம் பழைய சாமிக்கும் எண்ணெயும் மஞ்சளும் அப்பிவிட்டுப் போயிருந்ததல்லவா, பூ பசை போட்டு ஒட்டியதுபோல உட்கார்ந்திருந்தது.

"என்ன பூசாரி, சாமிக்குத் தூக்கமா?" என்றான் மாதேஷ்.

"யோசன பண்றாருடா. சின்ன விசியமா? வாங்க, நெழலுக்குப் போவம். நாம மூஞ்சியவே பாத்துக்கினு நின்னா அவரு எப்படி முடிவெடுப்பாரு?"

புளியமர நிழலில் போய் உட்கார்ந்தோம். பையில் இருந்த மாங்காயை அரிந்து உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுக் கொடுத்தேன். ஆளுக்கொரு கீற்றாகக் கடித்தோம்.

நாங்கள் விலகியதும் ஒரு குருவி மெல்ல மெல்ல, நாலடி நடப்பதும் நிற்பதுமாக, வட்டத்துக்குள் வந்து முட்டைமேல் உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து ஏரிக்குப் பறந்தது. கரையோரத் தண்ணீரில் இறங்கி வயிறு நனைய அமிழ்ந்து எழுந்தது. சொட்டச் சொட்டத் திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தது. மறுபடி போனது. மறுபடி நனைந்து வந்தது.

"எதுக்கு அப்படிப் பண்ணுது?" என்று மாதம்மாள் கேட்டார்.

"வெயிலுங்க்கா. முட்டை வெந்துரக் கூடாதுன்னு வயித்த நனைச்சுட்டு வந்து மேல உக்காருது. பொழுது சாயற வரைக்கும் இப்படியேதான்."

மாதம்மாள் மாங்காயைக் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார். குருவி போனது, வந்தது. அப்புறம் மகன் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "பெங்களூர்ல இவனுக்கு ஜொரம் எறங்கவே இல்ல. துணிய நனைச்சு நனைச்சுப் போட்டுக்கினே இருந்தேன். அந்த வார்டு கொழா எங்கயோ வராண்டாக் கடைசியில."

எழுந்து நேராகக் கல்லிடம் போனார். முன்பக்கம் அல்ல, சுற்றிக்கொண்டு பின்பக்கம். முதுகுப் பக்கம் ஒன்றும் செதுக்கியிருக்காது, வெறும் பாறை. அதை உள்ளங்கையால் தடவினார். "பூசாரி, இங்க வாங்க. இதுவும் அவன் காலடிதான?"

பூசாரி பதறிப்போனார். "ஏய், முதுகுப் பக்கமா பொங்க வெக்கறது? நெஞ்சுல அம்பு வாங்குனவன்டி அவன்! யாருக்கும் முதுகு காட்டாதவன். அவன் முதுகுல போய் அடுப்பு மூட்டினா அசிங்கமில்லியா?"

"எதிராளிக்குத்தான முதுகு காட்டக் கூடாது" என்றார் மாதம்மாள். "வூட்டாளுங்களுக்குக் காட்டலாம். அவன் சண்டைக்குப் போறப்ப அவங்க ஆத்தா எங்க நின்னிருப்பா? எதிர்லயா நின்னிருப்பா? பின்னாடிதான நின்னிருப்பா? எதிர்ல நிக்கறவன் எவனா இருந்தா என்ன, பின்னாடி நிக்கறதுதான் சொந்தம்."

தூத்துக்குடியிலிருந்து நான் கருவாடு கொண்டுபோனேன். அங்கிருந்து நான் கொண்டுவந்தது இந்த ஒரு வார்த்தையை. எனக்கு லாபம்.

பூசாரி கல்லின் நெற்றியை எட்டிப் பார்த்தார். பூ அசையவில்லை. தாடையைச் சொறிந்தார். "வலதும் சொல்லல, எடதும் சொல்லல. அப்ப நடுவுல ஏதோ வழி இருக்குதுன்னுதான் சொல்றாரு போல" என்று முடித்துவைத்தார். பூசாரிகள் எல்லா ஊரிலும் வக்கீல்கள்தான்.

சரண்யாவுக்கு இன்னொரு கவலை. வைகாசியில் அங்கே காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. கல் கிழக்குப் பார்த்தது. பின்னால் அடுப்பு மூட்டினால் புகை நேராகக் குருவிக்குத்தான். "காத்து எழும்பறதுக்குள்ள பொங்கிடுவேன்" என்றார் மாதம்மாள். "நீ புள்ளைங்களப் பாத்துக்க."

ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் வருமுன்னே அடுப்பு எரிந்தது. கல் ஒரு மறைப்பு போல நின்றதால், அந்தப் பக்கம் குருவி எழுந்திருக்கவே இல்லை. பறவை பார்க்க வந்த பிள்ளைகள் ஏரிக்கரையில் வரிசையாக உட்கார்ந்து பைனாகுலரைக் கை மாற்றிக்கொண்டார்கள். அதில் பாதிப் பேர் குருவியைப் பார்த்தார்கள், பாதிப் பேர் பானையைப் பார்த்தார்கள். "மிஸ், பொங்கப் போவுது, மிஸ்!" என்று ஒரு குரல் கிசுகிசுக்க, மற்றவர்கள் "உஸ்ஸ்" என்றார்கள். பானை பொங்கியபோது குலவை இல்லை, "பொங்கலோ பொங்கல்" இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு எல்லோரும் கையை மட்டும் மேலே தூக்கினோம். இப்படி ஒரு ஊமைப் பொங்கலை நான் பார்த்ததே இல்லை. எங்கள் ஊரில் பால் பொங்கினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

அடுத்தது மாதேஷ் கல்லைச் சுற்ற வேண்டும். சாதாரணமாக என்றால் கல்லை ஒட்டிச் சிறு சுற்று. இப்போது கூட்டுக்கு வெளியே விலகிப் பெரிய சுற்றாகப் போக வேண்டும். சரண்யா கயிறு போட்டு வழி காட்டியிருந்தாள். அது சரிந்த தரை வேறு. மாதம்மாளின் முகம் சுருங்கியது. ஆனாலும் மகன் கையிலிருந்த தடியை வாங்கித் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

மாதேஷ் நடந்தான். இடது காலை இழுத்து, வலது காலை ஊன்றி, நடு நடுவே நின்று. கல்லுக்குப் பக்கவாட்டில் போனான். முன்பக்கம் திரும்பினான். எல்லோரும் அவன் காலையே பார்த்தோம். மாதம்மாளின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

காவலுக்கு நின்ற ஆண்குருவியை யாரும் கவனிக்கவில்லை. கயிறு, வேண்டுதல் எதுவும் அதற்குத் தெரியாது. கூச்சல் போட்டுக்கொண்டு எழும்பி, மேலிருந்து மாதேஷின் தலையை நோக்கிச் செங்குத்தாக இறங்கியது. அவன் "ஐயோ!" என்று குனிந்தான். அது மறுபடி இறங்கியது. இறக்கை அவன் முடியைத் தொட்டது.

மாதேஷ் ஓடினான்.

நிஜமாகவே ஓடினான். இரு கையாலும் தலையை மூடிக்கொண்டு, ஒரு கால் தத்தி ஒரு கால் தாவி, சரிவில் அம்பு மாதிரி வந்து, பானையைத் தாண்டி, அம்மாவின் காலடியில் பொத்தென்று உட்கார்ந்தான். உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே தன் இரண்டு கால்களையும், வேறு யாருடையதோ என்பதுபோல, குனிந்து பார்த்தான்.

ஊமைப் பொங்கல் அதோடு தீர்ந்தது. கரையில் பிள்ளைகள் எழுந்து நின்று கூவினார்கள். சரண்யா அவர்களை அதட்டப் போய்த் தானும் கூவினாள். மாதம்மாள் தடியைக் கீழே போட்டுவிட்டு, முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டு, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் குலுங்கினார். "ஓடறான்டி... எம்புள்ள ஓடறான்டி..." என்று என் தோளை அடித்துக்கொண்டே இருந்தார். அந்த அடி ஊர் வந்து சேர்ந்த பிறகும் வலித்தது.

பூசாரிதான் முதலில் தெளிந்தார். "இந்தா மாதம்மா, நடக்கத்தான நீ வேண்டிக்கின? அதுக்கு இந்தப் பானை சரியாப்போச்சு. ஓடுனதுக்குத் தனியா ஒண்ணு வெக்கணும், சொல்லிட்டேன்."

"வெக்கறேன்" என்றார் மாதம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. கல்லுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். குருவி முட்டைமேல் திரும்ப வந்து உட்கார்ந்து, ஒன்றும் நடக்காததுபோல இறக்கையைச் சரிசெய்துகொண்டிருந்தது. "அதுங்க குஞ்சோட கெளம்பிப் போவட்டும். அடுத்த பானைய முன்னாடி வெச்சுக்கறேன்."